இருட்டறையில் வெட்டிவேர் வாசம்

அந்தக் கதையைச் சிவசைலம் பல வருஷங்களாகவே முழுசாக நம்பியதில்லை. நம்பாமல் தூக்கிப் போடவும் அவரால் முடிந்ததில்லை. கதை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மொத்தமே இரண்டு மூன்று வாக்கியங்கள். கோவில்பட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சோடா கலர்க்கடை வாசலில் நின்றுகொண்டு அக்காவின் புருஷன் குற்றாலிங்கம் சொன்னவை. சொன்ன அந்த அத்தான்தான் இப்போது அவருக்கு முன்னால் ஒரு கை தூரத்தில், கண் சோதிக்கிற உயரமான நாற்காலியில், இருட்டில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஏசி ஓடவில்லை. மெக்கானிக் சாயங்காலம்தான் வருவானாம். இருந்த ஒரே மேஜை விசிறியையும் முதலாளி கவுண்டருக்குக் கொண்டுபோய்விட்டார். மாம்பலத்தில் பாத்திரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிற கண்ணாடிக்கடை அது. அதன் பின்பக்கத்தை பிளைவுட்டால் தடுத்து, கறுப்புத் திரை தொங்கவிட்டு, அதற்குக் கண் பரிசோதனை அறை என்று பெயர். ஜன்னல் கிடையாது. மே மாதத்துக் காற்று உள்ளே வந்தால் வந்ததுதான், வெளியே போக வழி தெரியாமல் ஆட்களின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். “நாளைக்கு வாங்களேன் அத்தான், ஏசி சரியாயிரும், நிதானமாப் பாத்துரலாம்” என்று சிவசைலம் சொல்லிப் பார்த்தார். “நாளைக்கு ரயில்லா மாப்ள” என்றார் அத்தான், வேட்டியைத் தொடையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு. “எனக்கென்ன புழுக்கம். நீ பாரு.” சிவசைலம் விளக்கை அணைத்தார். அணைத்த கையை இறக்கும்போது வலது அக்குளில் ஒரு துளி திரண்டு, கொஞ்சம் யோசித்து, விலா வழியாக இறங்க ஆரம்பித்தது. அது இறங்குகிற பாதை முழுக்க அவருக்குத் தெரிந்தது. பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த ஒருவன் தெருவை ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு நடப்பது மாதிரி, அது அவ்வளவு மெதுவாக நடந்தது. இப்படி ஓடுகிற வேர்வையை அவர் பார்த்தே எத்தனையோ காலமாயிற்று. அக்குளில் வாசனை ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தவரை அங்கே வேர்த்ததே இல்லை, வேர்த்ததாக ஞாபகமில்லை.

ஸ்பிரேயை விட்டு இது மூன்றாவது வாரம். முதலில் அக்குள் கறுத்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் சட்டை உரசினாலே உயிர் போயிற்று. தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதை இன்னியோட நிறுத்திடுங்க சார், எவ்வளவு வருஷமா அடிக்கறீங்க?” என்று கேட்டார். சிவசைலத்துக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் மகள் தாரணி ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியோடு வந்தாள். அவள் ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண் வீட்டிலேயே செய்து விற்கிறாளாம்: தேங்காயெண்ணெய், கூவைக்கிழங்கு மாவு, துளி சமையல் சோடா, வெட்டிவேர் எண்ணெய். விரலால் தொட்டுத் தடவிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் வெயிலில் அது ஜாடிக்குள் உருகி எண்ணெய் மேலேயும் மாவு கீழேயுமாகப் பிரிந்துபோயிற்று, ஆகவே ஃபிரிட்ஜில். “தோசைமாவுக்கும் தயிருக்கும் நடுவுல இது என்னத்துக்கு இருக்கு? யாராவது எடுத்து இட்லிக்குத் தொட்டுக்கப் போறாங்க” என்றாள் அவர் மனைவி உலகம்மாள். “தொட்டுக்கிட்டாலும் ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் சாப்பிடற சாமான்தான்” என்றாள் தாரணி. பிறகு அவரிடம் திரும்பி, டாக்டரைவிட டாக்டராகச் சொன்னாள்: “அப்பா, இது வேர்வையை நிறுத்தாது. வேர்க்கும், அது பாட்டுக்கு வேர்க்கட்டும். முதல் கொஞ்ச நாள் வாடை தூக்கலாத்தான் இருக்கும். உடம்பு பழகணும். பயந்துக்கிட்டுப் பழைய டப்பாவை எடுத்துடாதீங்க.” பயந்துக்கிட்டு என்று அவள் எப்படிச் சொன்னாள்? அவர் பயப்படுகிறவர் என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? தினமும் காலையில் குளிர்ந்துபோன அந்தக் களிம்பை விரலில் எடுத்துத் தடவும்போது உடம்பு சிலிர்க்கும். கண்ணை மூடினால் நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் குளுமை, மண்பானைத் தண்ணீர், எங்கேயோ ஒரு மத்தியானத் தூக்கம். பஸ்ஸில் ஏறி மாம்பலம் வந்து சேர்வதற்குள் அந்த மத்தியானம் கலைந்துவிடும். அடியில் வேறொன்று எழுந்து வரும். வெங்காயம் நறுக்கிய பலகையைக் கழுவாமல் வைத்த மாதிரி. இல்லை, வெயிலில் மறந்த மோர் மாதிரி. இல்லை, ஒன்றுமே இல்லாத மாதிரியும் சில நேரம். தன் வாடை தனக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாது என்றால் இப்போது தெரிவது என்ன? பயத்துக்கு வாடை உண்டா?

“நேரா எதிர்ச்சுவத்துல இருக்கிற கண்ணாடியைப் பாருங்க அத்தான். கண்ணை அசைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கைவிளக்கை உயர்த்தி அத்தானின் வலது கண்ணுக்குள் வெளிச்சக் கீற்றை விட்டார். கண்ணின் அடியிலிருந்து செம்மஞ்சளாக ஒரு ஒளி திரும்பி வந்து கண்பாப்பாவில் நிறைந்தது. இந்த வேலையில் சிவசைலத்துக்கு இன்னும் அலுக்காத ஒரே விஷயம் இதுதான். ஒருவனின் கண்ணுக்குள் விளக்கைக் காட்டினால் உள்ளேயிருந்து ஒருவர் விளக்கேற்றிப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கவேண்டும், இடது கையால் லென்ஸை ஆளின் கண்ணுக்கு முன்னால் பிடிக்கவேண்டும். அக்குள் இரண்டும் திறந்து, நேரே அந்த ஆளின் மூக்குக்கு எதிரே நிற்கும். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, ஒருத்தர் முகத்துக்கு முன்னால் கையைத் தூக்குகிற வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. இப்போது அத்தானின் மூக்கு கீற்றின் ஓரத்தில் பாதி வெளிச்சத்தில் தெரிந்தது. அகலமான, நேர்மையான மூக்கு. பழைய கண்ணாடியின் தடம் இரண்டு பக்கமும் பதிந்து பளபளத்தது. அது சுளிக்கிறதா? சுளிக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாரா? மூச்சு வந்து சிவசைலத்தின் மணிக்கட்டில் பட்டது, வெற்றிலையும் பன்னீர்ப் புகையிலையுமாக, அமைதியாக, ஏறி இறங்கிக்கொண்டு. இதே மூச்சுத்தான் அன்றைக்கும். ஜங்ஷனில் அந்தக் கலர்க்கடையில் சிவப்புக் கலர் பாட்டிலை நீட்டிவிட்டு, தன் பாட்டிலை ஒரு வாய் குடித்துவிட்டு, “மாப்ள, ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படப்பிடாது” என்று ஆரம்பித்தார். பெண் வீட்டிலிருந்து பதில் வரும் வரும் என்று வீடே காத்துக்கொண்டிருந்தது. அத்தான்தான் கோவில்பட்டிக்கு நேரில் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். “பொண்ணுக்கு ஒம்மேல அடிக்கிற வாடை ஒத்துக்கலையாம். அவுக அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாவ.” சிவசைலம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் அத்தான் அதைச் சொன்னார், ரொம்பப் பிரியமாக, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு: “நானே அன்னைக்குப் பஸ்ல மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டுத்தாம்ல வந்தேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்.”

கீற்றைக் குறுக்காகத் திருப்பினார். கண்ணுக்குள் ஒளி எதிர்த்திசையில் நகர்ந்தது. ஒரு லென்ஸை மாற்றினார். அந்தப் பெண்ணின் பெயர் பவானி. அவள் முகம் அவருக்கு இப்போது ஞாபகமில்லை. அந்தக் கூடத்தின் விசிறி ஞாபகமிருந்தது, மேலே தொங்குகிறதில்லை, மூலையில் ஸ்டூல் மேல் வைத்த பச்சை நிற விசிறி, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு. அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வீசிற்று என்பதை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ வருஷம் வாதாடியிருக்கிறார். விசிறி பெண் நின்ற கதவோரம் இருந்திருந்தால், காற்று அவளிடமிருந்து இவரிடம் வந்திருக்கும்; இவருடைய வாடை அவளைத் தொட்டிருக்கவே முடியாது. விசிறி இவருக்குப் பின்னால் இருந்திருந்தால் முடியும். சில நாள் அது கதவோரம் இருக்கும், சில நாள் பின்னால் போய்விடும். இன்னொன்று, கேசரித் தட்டை யார் கொண்டுவந்து கொடுத்தது? பவானி என்றுதான் முதல் பத்து வருஷம் நினைத்திருந்தார், குனிந்து, பக்கத்தில், வளையல் சத்தத்தோடு. பிறகொரு நாள், ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டை நீட்டிய கையில் தோல் சுருங்கியிருந்தது சட்டென்று ஞாபகம் வந்தது. பவானியின் அம்மாதான் கொடுத்தாள். பெண் வாசற்படியைத் தாண்டவே இல்லை. அப்படியானால் அவ்வளவு தூரத்திலிருந்து? அன்றிரவு தூங்காமல் கிடந்தார். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் அந்தப் பஸ் ஜன்னலில் வந்து முட்டிக்கொள்ளும். பெண் சொன்னாளா, அவள் அம்மா சொன்னாளா, அது போகட்டும். அத்தான் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார், அவரே சொன்னார். சொந்த மூக்கால் முகர்ந்த சாட்சி. அந்த ஒரு ஆணியில்தான் மிச்சமெல்லாம் தொங்கிற்று. ஆணி அசைந்து கொடுக்கவில்லை. பஸ்ஸில் அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது உண்மை, அது சிவசைலத்துக்கு நன்றாகவே ஞாபகமிருந்தது: கரிசல் காடும், பருத்தி எடுத்து முடிந்த வெறும் செடிகளும், அத்தானின் காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்த இரண்டு முடியும். வெறுமனே வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தார். அடடா, எவ்வளவு சந்தோஷமாக வந்தோம் அன்று, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வர, நாம் பாட்டுக்குக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

“என்ன மாப்ள, உள்ள ஏதும் புதையல் கிடக்கா? இவ்வளவு நேரமாப் பாக்க” என்றார் அத்தான். “அசையாதீங்க, முடிஞ்சுது” என்று சொல்லி அடுத்த கண்ணுக்குப் போனார். இடது அக்குளிலும் இறங்க ஆரம்பித்துவிட்டது. திரைக்கு வெளியே கவுண்டரில் அக்கா வடிவு, கடையில் வேலை பார்க்கிற ஜெனிபரிடம் பிரேம்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தாள். “இதைப் போட்டா அவுக ஆடிட்டர் மாதிரி இருப்பாவ. வேண்டாம், வேற எடு.” சிரிப்புச் சத்தம். இருட்டிலிருந்து கேட்கிற சிரிப்புக்கு எப்போதும் கொஞ்சம் தூரம் அதிகம். ஜங்ஷனில் கலர் குடித்த அன்று சாயங்காலம் சலூனில் படிகாரக் கட்டி ஒன்று கேட்டு வாங்கிவந்து அக்குளில் தேய்த்துக்கொண்டார். அப்புறம் பவுடர், கறுப்புச் சட்டை போட முடியாதபடி பவுடர். மெட்ராஸ் வந்த பிறகு ஸ்பிரே. காலையில் ஒரு தரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் பின்னால் ஒரு தரம், வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு தரம். கல்யாணமாகி வந்த உலகம்மாள் முதல் நாளே கேட்டாள், “நடுவுல இந்தத் தலையணை யாருக்கு?” என்று. அவர் ஏதோ சொல்லி மழுப்பினார். பிறகு அவள் கேட்கவில்லை. தலையணைக்கு அவளே உறை மாற்றினாள். தாரணி நடக்கக் கற்றுக்கொண்டபின் சாயங்காலம் கதவு திறந்ததும் ஓடிவருவாள், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, பயமேயில்லாத சின்ன அக்குள்கள் தெரிய. “இரும்மா, குளிச்சிட்டு வர்றேன்.” தினமும் அதே சொல். குழந்தை குளியலறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அது கதவைத் தட்டுவது கேட்கும், பிறகு கேட்காது. சோப்புப் போட்டு, துடைத்து, ஸ்பிரே அடித்து அவர் வெளியே வரும்போது சில நாள் விளையாடப் போயிருக்கும், சில நாள் தூங்கியிருக்கும். பிறகு கொஞ்சம் வளர்ந்து, கதவு திறந்ததும் அவளே சொல்வாள், “அப்பா, குளிச்சிட்டு வாங்க.” அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டவர் அவர். போன வாரம், ஜாடியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நீட்டும்போது தாரணி சும்மா, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “எனக்கு உங்க வாசனை எப்படி இருக்கும்னே தெரியாதுப்பா. ஸ்பிரே டப்பாவைத்தான் அப்பான்னு நினைச்சுக்கிட்டு வளர்ந்தேன்.” அடுப்படியில் உலகம்மாள் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் நின்றது.

சோதனைக்குப் போடுகிற வட்டச் சட்டத்தை அத்தானின் முகத்தில் மாட்டி, காதோரம் திருகைச் சரிசெய்து, இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மூடினார். எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். அறைக்கு நீளம் பற்றாததால் பலகையை நாற்காலிக்குப் பின்னால் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தார்கள். பலகையில் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும், எதிரே கண்ணாடியில்தான் நேராகும். அதற்குக் கீழே அத்தானும் தெரிந்தார், அவர் தோளுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி லென்ஸ் பிடித்தபடி ஒரு வழுக்கைத்தலை ஆளும் தெரிந்தான், சட்டையின் அக்குளில் பிறைபோல ஈரம் படர்ந்தவன். “மேல் வரிசை படிங்க.” “ப… ட… ம…” “அடுத்தது?” “அது என்னமோ பூச்சி மாதிரி ஓடுதுப்பா.” ஒரு லென்ஸை எடுத்துச் சட்டத்தில் போட்டார். “இது தெளிவா?” மாற்றினார். “இல்ல இது தெளிவா? இதுவா, அதுவா?” வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுவந்த கேள்வி. ஆட்கள் தயங்குவார்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுவார்கள், தப்பு என்று எதுவும் இல்லை, உங்களுக்கு எது தெரியுதோ அதைச் சொல்லுங்க என்பார். தனக்கு மட்டும் அவர் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. “முதல்ல போட்டதுதான்” என்றார் அத்தான், தயக்கமேயில்லாமல். எதிலும் தயங்காத மனுஷன். அப்படிப்பட்டவர் அன்று ஜங்ஷனில் மட்டும் எதற்குக் கலர் வாங்கிக் கொடுத்தார்? இதைப் பற்றியும் சிவசைலம் யோசித்திருக்கிறார். பெண் வீட்டார் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை கறுப்பு என்றோ, பேச்சில் திக்கல் என்றோ, கண்ணாடிக்கடையில் எடுபிடி என்றோ. அதையெல்லாம் மாற்ற முடியாது. வாடை என்றால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். கழுவிவிடக்கூடிய ஒரு குறையை யோசித்து, பாவம் பையன் மனசு ஒடிந்துபோகக் கூடாதென்று, பிரியத்தினால், தோளில் கையைப் போட்டுக்கொண்டு. அப்படியும் இருக்கலாம். ஆனால் தோளில் கை! அவ்வளவு வாடை அடிக்கிறவன் தோளில் எவனாவது கையைப் போடுவானா? போடுவான், சொந்தக்காரன் என்றால் போடுவான். இதுவா, அதுவா.

திரை விலகியது. ஜெனிபர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். “ஐயோ, உள்ள எப்படி சார் இருக்கீங்க?” என்றாள், உடனே திரையை விட்டுவிட்டாள். ஏன் உடனே விட்டாள்? புழுக்கத்தை நினைத்துத்தானே சொன்னாள்? ஆனால் புழுக்கம் என்ற சொல்லைச் சொல்லவில்லையே. டம்ளரை வாங்கி அத்தானிடம் கொடுத்தார். தண்ணீர் போகிற தொண்டையைப் பார்த்தபடி நின்றார். “அத்தான், ரொம்பக் கஷ்டமா இருக்கா? இங்க கொஞ்சம்… காத்து இல்ல…” என்று இழுத்தார். அதைக் காது நன்றாகக் கேட்கும் அக்கா வெளியிலிருந்து பிடித்துக்கொண்டாள். “அவுகளுக்கு என்னடா கஷ்டம்? போன வாரம் அடுப்புல பால் தீஞ்சு வீடெல்லாம் நாறுது, எதிர் வீட்டுக்காரி ஓடியாந்து கதவைத் தட்டுதா, இவுக அடுப்புக்கு நேரா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காவ! மூக்கு இருக்கிறது கண்ணாடி மாட்டத்தான்.” ஜெனிபர் சிரித்தாள். “கொரோனா வந்துச்சா ஆன்ட்டி? எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான் போயிருச்சு.” “கொரோனாவாவது! நான் கல்யாணமாகி வந்த புதுசுலயே, ஊசிப்போன சாம்பாரை நல்லாருக்கு நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டவுக இவுக. என்ன மனுஷருன்னு நான் ஒத்தையில அழுதேன்.” இருட்டுக்குள் அத்தான் வட்டச் சட்டமும் கறுப்புத் தகடுமாகக் குலுங்கிச் சிரித்தார். “அவ சொல்லுததுல பாதியைத் தள்ளிரு மாப்ள. நீ எழுத்தைக் காட்டு.”

சிவசைலம் லென்ஸ் பெட்டியின் மேல் குனிந்தார். வரிசையாகப் பள்ளங்களில் நின்ற கண்ணாடி வட்டங்களில் எது தனக்கு வேண்டியது என்று தெரியவில்லை. எதையோ எடுத்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். அக்கா கல்யாணம் ஆகி நாலைந்து வருஷத்துக்குப் பிறகுதான் கோவில்பட்டிக்குப் போனது. சாம்பார் அதற்கு முன்னால். பஸ் அதற்குப் பின்னால். ஊசிப்போன சாம்பாரின் வாடை தெரியாதவருக்குப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனின் வாடை எப்படித் தெரிந்தது? ஆனால் பாதியைத் தள்ளச் சொல்கிறார். எந்தப் பாதியை? அக்கா எதையும் ஊதிப் பெருக்குகிறவள்தான். தூறல் விழுந்தாலே தாமிரபரணியில் வெள்ளம் என்பாள். புதுப் பெண்டாட்டி வைத்த சாம்பாரை மூக்கு இருக்கிறவனும் மரியாதைக்கு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடுவான், அத்தான் சாப்பிடுவார், அப்படிப்பட்டவர்தான். மூக்கு கொரோனாவில் போயிருக்கலாம். அப்படியானால் பஸ் நிஜம், ஜன்னல் நிஜம், இன்றைக்கும் இந்த அறையில் அந்த வாடை இருக்கிறது, இவருக்குத்தான் தெரியவில்லை, ஜெனிபருக்குத் தெரிந்து திரையை விட்டாள். வெட்டிவேரும் கூவைமாவும் என்ன செய்யும்? வீட்டுக்குப் போகும் வழியில் பழைய ஸ்பிரேயில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போய்விடலாம், தோல் வெந்தால் வேகட்டும். அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. மற்றது நினைக்கத்தான் பயமாக இருந்தது. அந்த ஜன்னலில் ஒன்றுமே இல்லை என்றால், அத்தான் வெறும் பருத்திச் செடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார் என்றால், குளியலறைக் கதவுக்கு வெளியே அந்தக் குழந்தையை உட்காரவைத்தது யார்? நடுவிலே தலையணையைப் போட்டது யார்? யாரிடம் போய்க் கேட்பது? கண்ணாடியில் அந்த வழுக்கை ஆள் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பலகை விளக்கின் மங்கலில் அவன் யாருடைய வீட்டுக் கூடத்திலோ கேசரித் தட்டோடு உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தான். எங்கோ மூலையில் பச்சை விசிறி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, இல்லை, இல்லை என்று. வேர்வை இப்போது இரண்டு பக்கமும் நிற்காமல் ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை. வெட்டிவேர் வாசம் குப்பென்று ஏறியது, அதனடியில் உப்பும் புளிப்புமாக இன்னொன்று, மிருகம் மாதிரி வெதுவெதுப்பாக. அது கெட்டதா நல்லதா என்று சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. சின்ன வயதில் காய்ச்சல் கண்டு எழுந்த காலையில் போர்வையை விலக்கினால் இப்படித்தான் இருக்கும். நான்தான் போலிருக்கிறது, என்று நினைத்தார்.

“தூங்கிட்டியா மாப்ள?” “இல்ல அத்தான்.” கையை நன்றாகவே தூக்கி, நிதானமாக, கடைசி லென்ஸைச் சட்டத்தின் பள்ளத்தில் இறக்கினார். அத்தானின் மூக்குக்கும் அவர் அக்குளுக்கும் இடையில் ஒரு சாண் இருக்காது. கையை உடனே இறக்கவில்லை. அத்தான் அகலமாக, சாவதானமாக மூச்சை இழுத்து விட்டார். “படிங்க.” “ப… ட… ம… க… ர… ச… அட, பூச்சியெல்லாம் நின்னு போச்சே! கீழ இருக்கிற சின்னதுகூடத் தெரியுதே.” கண்ணாடியில் தன் முகத்தை உற்றுப் பார்த்து, அத்தான் தாடையைத் தடவிக்கொண்டார். “எவ்வளவு வயசாயிட்டு எனக்கு. இத்தனை நாளா ஒண்ணும் தெரியலியேல.” பிறகு கண்ணாடிக்குள்ளேயே பார்வையை நகர்த்தி, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். “நீ என்னடா இப்படி நனைஞ்சு போயி நிக்க? சொல்லியிருக்கப்பிடாதா, இன்னொரு நாள் வந்திருப்பேனே.” “அத்தான், ஒண்ணு கேக்கணும்.” “கேளு.” வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது: பவானி நிஜமாவே அப்படிச் சொன்னாளா? அது நாக்கு வரை வந்தது. வந்து நின்று, வழிவிட்டு ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வெளியே அக்கா இன்னொரு பிரேமை வேண்டாமென்று சொன்னாள். அத்தான் ஒற்றைக் கண்ணால் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எந்த லென்ஸ் தெளிவு என்று கேட்கிற அதே குரலில், கையை இன்னும் இறக்காமல், சிவசைலம் கேட்டார்: “ஒங்களுக்கு வாசனை தெரியாமப் போனது எப்பயிருந்து அத்தான்?”